சீவாளியின் மூச்சைத் துடைத்துவிடாதீர்கள்: 'தில்லானா மோகனாம்பாள்' குறித்து ஒரு திறந்த மடல்

புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர்களுக்கும், 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் உரிமையை வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் தவில்காரர் ஒருவரின் மகள். அப்பா நாற்பது வருஷம் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் தவில் வாசித்தவர். அவர் போய் ஆறு வருஷமாகிறது. பலாக்கட்டையில் குடைந்த அவருடைய தவில் எங்கள் கூடத்தில் உறை போட்டபடி இருக்கிறது. விரல் கூடுகளை அம்மா ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறார். இந்த மடலை எழுத எனக்கிருக்கும் தகுதி இவ்வளவுதான். சினிமாத் தொழிலில் எனக்கு யாரையும் தெரியாது.

எழுத வைத்தது ஒரு மாலைக்காட்சி. பழைய தமிழ்ப்படம் ஒன்றைப் புதுப்பித்து மறுபடி திரையிட்டார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். படம் பளிச்சென்று இருந்தது. கல்யாணக் காட்சி வந்தது. நாயனம், அதாவது நாதஸ்வரம், ஒலிக்க வேண்டிய இடத்தில், நாயனம் மாதிரியான ஏதோ ஒன்று அரங்கின் நாலு பக்கத்திலிருந்தும் பாய்ந்தது. அம்மா என் கையைத் தொட்டு, "இது யாருடி வாசிக்கிறது?" என்று கேட்டார். அது கீபோர்டு. பழைய ஒலியில் இரைச்சல் இருக்கிறதென்று பின்னணி இசையைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, கன்னம் உப்ப வாசித்துவிட்டுப் போன மனிதர் யாரோ, அவரை முழுசாக அழித்துவிட்டார்கள். யாரும் வாசிக்கவில்லை அம்மா என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று இரவெல்லாம் 'தில்லானா மோகனாம்பாள்' நினைப்புதான். நாளைக்கு அந்தப் படத்துக்கும் இதே கதி வந்தால்?

ஆகவே கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அந்தப் படத்தைப் புதுப்பியுங்கள், சீக்கிரம் புதுப்பியுங்கள். ஆனால் அதில் ஒலிக்கும் நாதஸ்வரத்தையும் தவிலையும் அன்று பதிவானபடியே விடுங்கள். அதன்மேல் புதிய இசை எதுவும் ஏறக்கூடாது. சுத்தம் செய்கிறோம் என்று அதன் மூச்சை எடுத்துவிடக் கூடாது. ஒரு கீர்த்தனையைக்கூட நடுவில் நறுக்கக் கூடாது.

இந்தப் படம் எப்படி உருவானது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் இதைப் படிக்கப்போகும் இளையவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை அது. கோபுலுவின் ஓவியங்களோடு வாரா வாரம் வந்தது. நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரமும் நாட்டியக்காரி மோகனாவும் திரைக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே தமிழ்க் குடும்பங்களில் ஆள்களாக நடமாடத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் தாத்தா அந்த இதழ்களைக் கிழித்துத் தைத்துக் கட்டி வைத்திருந்தாராம். மேளக்காரர்களைப் பற்றி, அவர்களுடைய ஊர்ப்பயணம், பாக்கிச் சண்டை, சம்பாவனை, ரோஷம், சமையல் உட்பட எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர் எழுதியது என்பதால் தாத்தாவுக்கு அது கதையாகவே தோன்றவில்லையாம்.

ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கினார். 1965-இல் 'திருவிளையாடல்', 1966-இல் 'சரஸ்வதி சபதம்', 1967-இல் 'திருவருட்செல்வர்' என்று வரிசையாகப் புராணமும் பக்தியும் எடுத்துக்கொண்டிருந்தவர், 1968-இல் சாமிகளை விட்டுவிட்டு, சாமிக்கு முன்னால் நடந்துபோகும் மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார். அந்த ஜூலை மாதம் படம் வெளிவந்தது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்கே கிடைத்தது, ஒளிப்பதிவுக்காகக் கே.எஸ். பிரசாத்தும் தேசிய விருது பெற்றார்.

சிவாஜி கணேசன், பத்மினி, டி.எஸ். பாலையா, நாகேஷ், மனோரமா. இந்தப் பெயர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நான் எழுத நினைப்பது திரையில் முகம் காட்டாத இருவரைப் பற்றி: மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி. சண்முகசுந்தரம் வாசித்ததாக நாம் கேட்பதெல்லாம் இந்தச் சகோதரர்கள் வாசித்தது. இவர்கள் 'பூர்வீக சங்கீத உண்மை' என்ற இசை ஆராய்ச்சி நூலை எழுதிய மதுரை பொன்னுசாமிப் பிள்ளையின் பேரன்கள். இசையமைத்த கே.வி. மகாதேவன் பாட்டை எழுதி வாங்கிய பிறகே மெட்டுப் போடுகிறவர். சொல்லுக்கு மரியாதை கொடுத்தவர். நாயனத்துக்குச் சொல் கிடையாது. அங்கே அவர் வாத்தியக்காரர்களுக்கே இடம்விட்டு ஒதுங்கி நின்றார் என்பதைப் படத்தைக் கேட்கும் எவரும் உணரலாம். 'நகுமோ' கீர்த்தனை வரும்போது வயலின் கூட்டம் எதுவும் குறுக்கே வராது. நாயனமும் தவிலும், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒத்தும், தாளமும்தான். கச்சேரியில் எப்படியோ அப்படியே.

இது சின்ன விஷயமில்லை. நாதஸ்வரம் திறந்த வெளிக்காக உண்டான வாத்தியம். நாலு வீதிக்கும் கேட்க வேண்டும், தேரின் பின்னால் வரும் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்று செய்யப்பட்டது. அதை மூடிய அறைக்குள் கொண்டுவந்து ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்துவது என்பது யானையைக் கூடத்தில் கட்டுவது போன்றது. சத்தம் தாங்காமல் ஒலி உடைந்துவிடும். தள்ளி நிறுத்தினால் உயிர் போய்விடும். தவிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நம் திரைப்படங்களில் நாயனம் அதற்கு முன்பும் ஒலித்திருக்கிறது. 1940-இல் டி.என். ராஜரத்தினம் பிள்ளையே 'காளமேகம்' படத்தில் நடித்தார். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலம் வாசித்த ஆபேரி ராகம் இன்றைக்கும் ரோமத்தைச் சிலிர்க்க வைக்கும். ஆனால் ஒரு படம் முழுக்க, கதையின் முதுகெலும்பாக, மணிக்கணக்கில் நாயனம் உட்கார்ந்திருப்பது இந்தப் படத்தில்தான்.

அப்பா இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கில்லை. அவர் பார்த்த விதம் வேறு. வசனக் காட்சிகளில் பேப்பர் படிப்பார். மேளம் ஆரம்பித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிடுவார். பாலையா தவில்காரராக உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்து, "இந்த ஆள் நம்ம தெருவுல இருந்திருக்கணும்" என்பார். சிவாஜியைப் பற்றி அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "விரலைப் பாக்காதே, எவன் வேணும்னாலும் விரலை ஆட்டலாம். மூச்சு எடுக்கிற எடத்தைப் பாரு." பிறகுதான் நானும் அதைக் கவனிக்க ஆரம்பித்தேன். நாயனத்தில் ஏழு துளைகளை விரல்கள் ஆளும். கீழே இன்னும் ஐந்து துளைகள் நாதத்தைச் சரிசெய்வதற்கு. ஆனால் ஒரு சுரத்தை அசைத்து நிறுத்துவதில் பாதி வேலை விரலில், மீதி மூச்சில். நாயனத்தின் வாயில் செருகும் சீவாளியை உதடு கவ்வும் அழுத்தத்தில் சுருதி ஏறும் இறங்கும். வாசிக்கத் தெரியாத ஒரு நடிகர் அந்த அழுத்தத்தைக் கழுத்து நரம்பிலும் கண்ணிலும் காட்டியிருக்கிறார். சகோதரர்களின் வாசிப்பை உன்னிப்பாகக் கவனித்திருந்தால் ஒழிய இது வராது.

இங்கேதான் என் பயமும் இருக்கிறது. அந்த நடிப்பு முழுக்க முழுக்க அந்த ஒலிக்காகச் செய்யப்பட்டது. பதிவான வாசிப்பில் மூச்சு எடுக்கும் இடத்தில்தான் அவர் மார்பு ஏறுகிறது. ஒலியை மாற்றினால், அல்லது 'சுத்தம்' செய்து மூச்சை எடுத்துவிட்டால், அந்த நடிப்புக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். வெறும் சேட்டையாகத் தெரியும். ஒலிக்குச் செய்யும் கெடுதல் காட்சிக்கும் செய்யும் கெடுதல்தான்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சீராக ஒலிக்கும் 'ஸ்ஸ்' என்ற சத்தத்தை அவை குப்பையென்று எடுத்துக்கொள்ளும். சீவாளி என்பது கொறுக்கைத் தட்டையில் செய்த ஒரு சின்ன நாக்கு. அதன் வழியாகக் காற்று போகும்போது சுரத்தோடு சேர்ந்து ஒரு பிசிறு எழும். ஷெனாயிலிருந்தும் கிளாரினெட்டிலிருந்தும் நாயனத்தை வேறுபடுத்திக் காட்டுவதில் அந்தப் பிசிறுக்குப் பெரிய பங்கு உண்டு. இயந்திரத்துக்கு அது இரைச்சல். எங்களுக்கு அதுதான் வாத்தியம். தவிலிலும் அப்படித்தான்: கழி விழும் சத்தத்துக்கு முன்னால், கூடு போட்ட விரல்கள் தோலைத் தொடும் ஒரு கரகரப்பு உண்டு. அதை எடுத்துவிட்டால் தகரத்தைத் தட்டினது போல ஆகிவிடும். படத்தின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த ஒற்றைத்தட ஒலியில் உச்சப் பகுதி ஏற்கெனவே குறைவு. இருப்பதிலும் கைவைத்தால் மிஞ்சுவது என்ன?

இன்னொன்று சொல்ல வேண்டும்; இதை முதலில் கண்டுபிடித்தவர் அப்பா. எங்கள் வீட்டில் இந்தப் படத்தின் வீடியோ கேசட் இருந்தது. ஒரு நாள் அப்பாவின் கூட்டாளியான நாயனக்காரர் வந்திருந்தபோது படத்தைப் போட்டோம். அவர் கூடவே வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டுத் தன் நாயனத்தை எடுத்தார். சுருதி சேரவில்லை. சீவாளியை மாற்றினார், அப்படியும் சேரவில்லை. "கொட்டாயில கேட்டப்ப இப்படி இல்லையே, இதுல ஏறிக் கேக்குதே" என்றார் அப்பா. இரண்டு பேரும் அரை நாள் அதே பேச்சு. பல வருஷம் கழித்துத்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. திரையரங்கில் வினாடிக்கு 24 சட்டங்களாக (பிரேம்களாக) ஓடும் படத்தை நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கு மாற்றும்போது 25 சட்டங்களாக ஓட்டுவார்கள். படம் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாகும். சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். பேச்சில் யாருக்கும் தெரியாது. நாயனக்காரருக்குத் தெரியும். அந்தக் கேசட்டுகளிலிருந்து பிறந்த பிரதிகள்தான் இன்றைக்கு எங்கும் சுற்றுகின்றன. அவற்றைக் கேட்டு வாசிக்கப் பழகும் பிள்ளைகள் சகோதரர்கள் வாசித்த சுருதியைக் கேட்டதே இல்லை. தயவுசெய்து 24-ஐ 24-ஆகவே விடுங்கள்.

தமிழர்களுக்கு இந்தப் படம் வெறும் காதல் கதை இல்லை என்பதை வடக்கே இருந்து இந்தக் கோப்பைப் பார்க்கப்போகும் அதிகாரி யாராவது இருந்தால் அவருக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் நாதஸ்வர தவில் குழுவைப் பெரிய மேளம் என்பார்கள். சதிராடும் பெண்களின் குழுவைச் சின்ன மேளம் என்பார்கள். இரண்டும் ஒரே தெரு, அநேகமாக ஒரே உறவுமுறை. கோயிலில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஊரில் இரண்டுக்கும் மரியாதை குறைவு. தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசித்ததற்காகவே நாயனக்காரர்களோடு சண்டைக்கு நின்ற பெரிய மனிதர்கள் இருந்தார்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் 1947-இல் சென்னை மாகாணச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, முப்பதுகளிலிருந்தே, அந்தப் பெண்களுடைய ஆட்டம் மேடையேறி மதிப்புப் பெறத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண்கள் பலருக்கு மேடையும் இல்லை, மதிப்பும் இல்லை.

சுப்புவின் கதையும் நாகராஜனின் படமும் இந்தக் காயத்தின்மேல்தான் நிற்கின்றன. வடிவாம்பாள் தன் மகள் மோகனாவைப் பணக்காரன் ஒருவனிடம் சேர்த்துவிடத் துடிக்கிறாள். அவளுக்கு வேறு பாதுகாப்பு தெரியாது. சவடால் வைத்தி அதற்குத் தரகன். மோகனாவோ எந்த மைனரும் எந்த மகாராஜாவும் வேண்டாம், தன் கலைக்கு நிகராக நிற்கும் கலைஞன் ஒருவன் போதும் என்கிறாள். சண்முகசுந்தரத்தின் கோபமும் வெறும் ஆணின் கோபமில்லை. எந்த ஜமீனுக்கு முன்னாலும் குனியாத வாத்தியக்காரனின் கோபம் அது. பெரிய மேளமும் சின்ன மேளமும் ஒருவரையொருவர் சபையில் மதித்துக்கொள்ளும் அந்தத் தில்லானாப் போட்டி, எங்கள் தெருக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாருக்குச் சுலபமாக விளங்காது. அந்தக் காட்சியில் அம்மா இன்றும் கண் கலங்குவார்.

'மறைந்திருந்து பார்க்கும்' பாட்டைக் கவனியுங்கள். கதாநாயகன் பெயர் சண்முகசுந்தரம். பாட்டின் ராகம் சண்முகப்பிரியா. கண்ணதாசன் வரியில் முருகனைக் கேட்பதுபோல் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பவனைக் கேட்க, ராகத்தின் பெயரிலேயே மகாதேவன் அவளுடைய ரகசியத்தை மறைத்து வைத்திருக்கிறார். பி. சுசீலாவின் குரலில் கேலியும் ஆசையும் பக்தியும் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்திருக்கும். பத்மினிக்கு அப்போது 36 வயது. கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தாய். திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடம் கற்றவர். ஆடும்போது அவர் கண் தூணின் பக்கம் போய்விட்டுத் திரும்பும் வேகம் இருக்கிறதே, அதை எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்!

பிறகு 'நலந்தானா'. கத்திக்குத்துப்பட்டுப் பிழைத்து வந்தவனிடம், சபைக்கு நடுவில், யாருக்கும் தெரியாமல் அவள் நலம் விசாரிக்கிறாள். அவளுக்கு வாய் இருக்கிறது, பாட்டாகக் கேட்கிறாள். அவன் பதில் முழுவதும் நாயனத்தில். இந்தக் காட்சியின் உரையாடலில் பாதி சொற்கள் இல்லாதது. நாயனம் அங்கே பாட்டுக்குப் பின்னணி அல்ல. ஒரு பாத்திரத்தின் பேச்சு. அதைக் குறைத்து, குரலைத் தூக்கி வைத்துப் புதிதாகக் கலந்தால், அவள் கேட்கும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாதது போல ஆகிவிடும். ஒலிக்கலவை செய்யப்போகும் இளைஞர் யாராக இருந்தாலும் இந்த ஒரு காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஜில் ஜில் ரமாமணியை நான் மறக்கவில்லை. நாடகக் கொட்டகைக்காரியான அவள், எல்லார் நாயனத்திலும் இப்படித்தான் சத்தம் வருமா, உங்கள் நாயனத்தில் மட்டுமா என்று வெள்ளந்தியாகக் கேட்கும் இடத்தில் அரங்கம் சிரிக்கும். அப்பா சிரிக்க மாட்டார். "அவ கேட்டதுதாண்டி சரியான கேள்வி" என்பார். நாயனம் நாயனமாக எல்லாரிடமும் ஒலிக்கும். அந்தச் சத்தம் அந்த ஒருவரிடம் மட்டும்தான் வரும். கீபோர்டு நாயனத்தைக் கேட்ட அம்மாவின் கேள்வியும் ஏறக்குறைய அதேதான்.

படத்தில் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். பிற்பகுதியில் மதன்பூர் அரண்மனைக் காட்சிகள் நீளம். மருத்துவமனைப் பகுதியிலும் கதை தடம் மாறி மாறி நடக்கிறது. அதற்காக அங்கே ஒரு அடிகூட வெட்டச் சொல்லவில்லை. நீளத்தைக் குறைக்கிறோம் என்று யார் கத்தரியை எடுத்தாலும் அது முதலில் போவது வசனத்தின் பக்கம் இல்லை, வாத்தியத்தின் பக்கம்தான். ஒரு தொலைக்காட்சியில் 'நகுமோ' ஆரம்பித்து, பல்லவி முடிவதற்குள் விளம்பரம் வந்து, திரும்பி வந்தபோது கச்சேரியே முடிந்திருந்ததை நானே பார்த்தேன். பாட்டு என்றால் குரல் என்று நினைக்கும் வழக்கம் அப்படிச் செய்யவைக்கிறது. பாட்டுக் கேட்கும் ஒரு செயலியில் இதே கீர்த்தனையைத் தேடினேன். கீழே இசையமைப்பாளர் பெயர் மட்டும் இருந்தது. வாசித்தவர்கள் பெயர் எங்கும் இல்லை.

இப்போது வேலை விஷயத்துக்கு வருகிறேன்.

படச்சுருள் காத்திருக்காது. 1968-இல் புழங்கிய அசிடேட் சுருள்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் டப்பாவைத் திறந்ததுமே காடி வாடை அடிக்கும். ஒரு சுருளில் தொடங்கியது பக்கத்துச் சுருளுக்கும் பரவும். ஈஸ்ட்மன் கலரில் நீலச்சாயம் முதலில் வெளுத்து, படம் முழுவதும் செம்மை பாய்ந்துவிடும். மோகனாவின் பட்டுப்புடவை எந்த நிறம் என்று சண்டை போடுவதற்குக்கூட நாளைக்கு ஆதாரம் இருக்காது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்று அதில் ஒரு சட்டத்தைக்கூட யாராலும் ஓட்டிப் பார்க்க முடியாது. 1964-இல் உங்கள் காப்பகம் தொடங்கப்பட்டதும், பி.கே. நாயர் போன்றவர்கள் கொட்டகை கொட்டகையாகத் தேடியலைந்ததும் இப்படியான இழப்புகளைக் கண்டுதான். 2022-இல் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்த பிறகு புதுப்பிப்பு வேலைகளும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கான உரிமை, அது வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1968-இல் வந்த இந்தப் படத்துக்கு அது 2028 டிசம்பரோடு முடிகிறது. அதன்பிறகு படத்துக்கான அந்த உரிமை யாரிடமும் இருக்காது. அப்போது நல்ல மூலப்பிரதி ஒன்று தயாராக இல்லாவிட்டால், சுருதி ஏறிய, ஓரம் வெட்டிய, செம்மை பாய்ந்த பிரதிகளே ஆளுக்கொன்றாகப் பெருகும். உங்கள் கையில் இருக்கும் நெகட்டிவையும் ஒலி நெகட்டிவையும் காப்பகத்திடம் கொடுத்து ஒரு பாதுகாப்புப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை; சுருளைச் சாகவிடாதீர்கள் என்கிறேன். 2012-இல் 'கர்ணன்' மறுபடி வந்தபோது தமிழ்நாட்டில் கூட்டம் எப்படி அலைமோதியது என்பதை நீங்களும் பார்த்தீர்கள். போட்ட பணம் வருமா என்ற கவலை வேண்டியதில்லை.

ஒலிக்கு வேலை செய்யும்போது படத்தின் ஒலி நெகட்டிவோடு அந்தக் காலத்து இசைத்தட்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இசைத்தட்டுக்கு வேறு பதிவு முறை என்பதால் சில இடங்களில் நாயனத்தின் உச்சம் அதில் தெளிவாகக் கேட்கக்கூடும். எது அசல் பிசிறு, எது சுருளின் தேய்மானம் என்று பிரித்தறிய அது உதவும். ஒற்றைத்தட ஒலியாகவே ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். அரங்கம் முழுக்க ஒலி பரவ வேண்டும் என்று ஆசைப்பட்டு இன்னொன்று செய்தாலும், அசல் எது என்பதைப் பார்ப்பவர் தேர்ந்தெடுத்துக் கேட்க வழி இருக்க வேண்டும். வெளியிடும்போது வாசித்தவர்கள் அத்தனை பேரின் பெயரும் பாட்டுப் பட்டியலில் பாட்டுக்குப் பாட்டு வரட்டும். நாயனம், தவில், தாளம், ஒத்து, நட்டுவாங்கம், எல்லாம். ஒத்து ஊதியவரின் பெயரும்தான். ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்கும் அந்த ஆளை எங்கள் தொழிலிலேயே பலர் மறந்துவிடுகிறார்கள்.

இத்தோடு இன்னொரு காரியத்தையும் சேர்த்துச் செய்யுங்கள். படம் வந்த காலத்தில் வாலிபர்களாக இருந்த மேளக்காரர்கள் சிலர் தஞ்சை, திருவாரூர், மதுரைப் பக்கங்களில் இன்னும் இருக்கிறார்கள். படத்தைக் கொட்டகையில் கேட்டவர்கள். சுருதி எது, பாணி எது, எந்தச் சங்கதி எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவர்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்யும் அந்த ஊர்க்காரர்களையும் கேளுங்கள். ஒரு கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும். புதுப்பித்த படத்தோடு அவர்கள் பேச்சையும் சேர்த்து வையுங்கள். 'கரகாட்டக்காரன்' வரை நீளும் ஒரு மரபின் வேர் இங்கே இருக்கிறது என்று எழுதும் ஆய்வாளர்களுக்கு அது பயன்படும். அதைவிட, இசைப்பள்ளிகளில் நாயனம் கற்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

கல்யாண வீடுகளில் இன்றும் மாப்பிள்ளை வீட்டார் யாராவது வந்து, "நலந்தானா வாசிங்க" என்று கேட்பார்கள். அப்பாவின் குழு நல்ல ராகம் ஒன்றை விஸ்தாரமாகப் போட்டுக்கொண்டிருக்கும்போதுகூடக் கேட்பார்கள். வேறு சினிமாப் பாட்டென்றால் அப்பாவுக்கு முகம் சுருங்கும். இதற்கு மட்டும் சுருங்காது. நாயனக்காரரைத் திரும்பிப் பார்த்து, கழியை ஒரு தடவை உயர்த்துவார். அவர்கள் கேட்பது சினிமாப் பாட்டை இல்லை, எங்கள் பாட்டைத்தான் என்பது அவருடைய கட்சி.

புதுப்பிப்பு வேலை தொடங்கி, ஒலியைச் சோதித்துக் கேட்கும் நாள் வரும்போது எனக்கு ஒரு தகவல் அனுப்புங்கள். அப்பாவின் கூட்டாளிகளில் இரண்டு நாயனக்காரர்களும் ஒரு தவில்காரரும் இன்னும் நல்ல காதோடு இருக்கிறார்கள். என் செலவில் புனேவுக்கு அழைத்து வருகிறேன். முதலில் 'நகுமோ'வைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, சரி என்று தலையாட்டிய பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தவில்காரர் ஒருவரின் மகள்